முக்கூர்த்தி மலையும் வீராணத்து மதகும்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் தாலுக்காக்களில் வீராணம் ஏரியின் மதகு திறக்கும் நாளை எதிர்பார்த்திராத குடியானவர் அரியர். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக அவ்வேரிக்கு நீர் வருவதை யாவரும் அறிவர். கீழணைக்கு அந்நீர் எங்கெங்கிருந்து வருகிறது என்பதைச் சிலரே சிந்திப்பர். காவிரி குடகு மலையில் உற்பத்தியாகிறது. அதன் உபநதிகளுள் ஒன்று பவானி. பவானியில் கலக்கும் மாயாற்றின் மேற்பகுதியாகிய பைக்காரா, நீலகிரி ஜில்லாவின் முக்கூர்த்தி மலையில் பிறக்கிறது. அந்நீர் மின்சார நிலையங்களுக்கும் பவானிசாகர் பாசனத்துக்கும் உதவியபின் எஞ்சியதே காவிரியைச் சேர்கிறது. ஆயினும் கடைமடைக்கு ஒவ்வொரு துளியும் கணக்கேயாம்.

மலையின் அமைப்பு

முக்கூர்த்திச் சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். அதாவது ஏறக்குறைய 8,380 அடி. தோதவர் அதனைப் புனிதமாகப் போற்றுவர். அதனைச் சூழ்ந்த சுமார் 78 சதுர கிலோமீட்டர் நிலம் 1982-ல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1990-ல் தேசியப் பூங்காவாகவும் ஏற்படுத்தப்பட்டது. மேற்கே செங்குத்தான பாறைச் சரிவுகளும், கிழக்கே அலையலையான புல்மேடுகளும் உள்ளன. மேடுகளுக்கிடையே ஓடைகள் செல்லும் மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலைகள் இருக்கின்றன. திறந்த வெளியில் உறைபனி இளங்கன்றுகளைக் கருக்கிவிடுவதால், சோலை மரங்கள் புல்வெளியில் எளிதிற் பரவுவதில்லை.

வரையாடுகள் அப்புல்லை மேய்ந்து, ஆபத்து நேர்ந்தால் பாறைச் சரிவில் ஒதுங்கும். நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை புல்லிலேயே கூடு கட்டும். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை நீலக்குறிஞ்சி பூக்கும். சோலைகளில் கருமந்தி வாழும். புலியும் கடமானும் உண்டு.

புல்லின் உபகாரம்

கடலூர்க் கரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. முக்கூர்த்தியிலோ ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை மிகுதி. புல்லின் வேர்களும், மட்கு நிறைந்த கறுப்பு மண்ணும் அம்மழையை உறிஞ்சி, மழை ஓய்ந்த பின்னரும் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. நல்ல காலத்திற் சேர்ந்ததை முடைக்காலத்தில் அளந்து கொடுக்கும் சங்கத்தின் சேமநிதிக்கு இதனை ஒப்பிடலாம்.

நேர்ந்த தவறு

இப்புல்வெளியைத் தரிசு என்று எண்ணியவர்கள், விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், மரக்கூழுக்காகவும் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நீலகிரியில் ஏராளமாக நட்டனர். பட்டையும் கூழும் வரவில் எழுதப்பட்டன. நீரின் நஷ்டத்தைச் செலவில் எழுதினவர் இல்லை. பின்னர் கிளென்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பரிசோதித்தனர். ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றதிற் பாதிக்கு மேல் 1972-ல் தைல மரம் வைத்தனர். முதற் பத்தாண்டுகளில் அதன் நீர்வரத்து சராசரி 16 சதவீதம் குறைந்தது. நூறு குடம் வந்த ஓடையில் எண்பத்து நான்கு குடமே வந்தது என்க.

சீகையை வெட்டினாலும் மண்ணில் நெடுங்காலம் கிடக்கும் விதை மீண்டும் முளைக்கும். ஆதலின் அதனை அகற்றுதல் பல ஆண்டு வேலை.

மரம் நடுதல் நன்றே. ஆயினும் எந்நிலத்தில் எம்மரம் என்று ஆராய்ந்தே நடவேண்டும். மலையிற் புல்லைக் காத்தல் வனத்துறையாரின் கடமை. அங்கிருந்து வரும் நீர் வீணாகாமல் வாய்க்காலையும் மதகையும் காத்தல் கடைமடைச் சங்கத்தாரின் கடமை. இவ்விரண்டும் ஒரே பாசனத்தின் இரு முனைகளேயாம்.