பெரட்டுக் களத்தில் எழுந்த கேள்வி

சாலாக் செலாத்தான்

அன்புள்ள தங்கைக்கு,

பெண்ணியம் மேல்நாட்டுச் சரக்கு, படித்த நகரத்துப் பெண்களின் பேச்சு என்று உன் காதிலும் விழுந்திருக்கும். மலேசிய இந்தியப் பெண்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பதும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதும் அதைச் சுமப்பதும் இருவருக்கும் பொது. லயத்து வீட்டுக்குத் திரும்பியபின் அடுப்பும் பிள்ளையும் அவளுக்கு மட்டும். அந்தப் பத்துக் காசு ஏன் குறைகிறது என்று கேட்க எந்த நூலையும் படித்திருக்க வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வு கேட்டவர்கள், தோட்ட அதிகாரிகள் தொழிலாளர் வீட்டுப் பெண்களைச் சீண்டுவது நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். “முதலில் சமூகத்தின் வறுமை தீரட்டும், பெண்கள் பிரச்சினை பிறகு” என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போராடியவர்கள் இரண்டையும் பிரிக்கவில்லை.

அங்கே பேசியவர்கள் ஆண்கள்தானே, தம் வீட்டுப் பெண்களைக் காக்கத்தானே கேட்டார்கள் என்று நீ மடக்கலாம். நியாயம்தான். காக்கப்பட வேண்டியவளாக இருப்பது வேறு, தானே முடிவெடுப்பது வேறு. அந்த மாற்றத்தை 1943இல் நேதாஜி பெண்களுக்கென்று அமைத்த ஜான்சி ராணிப் படையில் காண்கிறேன். ஜானகி தேவரும் ராசம்மா பூபாலனும் பதின்ம வயதில் அதில் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். அது இந்திய நாட்டு விடுதலைக்கான படை, பெண் விடுதலைக்கானதன்று என்பதும் சரியே. ஆனால் அங்கே கற்ற துணிவு அங்கேயே நின்றுவிடவில்லை. ராசம்மா பூபாலன் 1960இல் ஆசிரியைகளுக்கென்று தொழிற்சங்கம் தொடங்கிச் சமச் சம்பளம் கேட்டார். பல இனப் பெண்களும் அதில் சேர்ந்து நின்றார்கள். 1969 முதல் அரசுப் பணியில் சமச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது.

என் மனம் ஆறாத இடம் இதற்கு அப்பால் இருக்கிறது. அந்த வெற்றி அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தது, தோட்டத்துக்கு வரவில்லை. களைக்கொல்லி அடிக்கும் வேலை நெடுங்காலம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேடுகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. அவ்வாண்டே அரசு பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தியது. முழுத் தடை 2020இல்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ பெண்கள் அந்த மருந்துத் தோம்பை முதுகில் சுமந்தே முதுமை அடைந்துவிட்டார்கள்.

அன்புடன்,
உன் அக்கா