மரம் அறுக்கும் பழைய செயின்சா மெஷின் வாங்கப் போகிறீர்களா?

விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." சூடான எஞ்சின் தன் கோளாறை மறைத்துவிடும். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கக் கூடாது.

அடுத்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியில் மெஷினைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சர்ரென்று இறங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். விற்பவர் சைலன்சரைக் கழற்றிக் காட்டச் சம்மதித்தால் டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்காகக் கீறல் விழுந்திருந்தால், பெரும்பாலும் பெட்ரோலில் 2டி ஆயில் சரியாகக் கலக்காமல் ஓட்டியதன் வினை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஓடவிட்டு ஆக்சிலேட்டரை விட்டால் செயின் நின்றுவிட வேண்டும். முன்பக்கக் கைக்காப்பைத் தள்ளினால் அந்த நொடியே பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக் பிடிக்காத மெஷினை நான் கையால் தொடமாட்டேன். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனியை ஒரு அட்டைக்கு நேரே, படாமல் காட்டி வேகம் கொடுங்கள். எண்ணெய் கோடாகத் தெறித்தால் ஆயில் பம்ப் நன்றாக இருக்கிறது.

செயின் மழுங்கியிருப்பது பெரிய குறையல்ல. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். வீட்டு விறகுக்குச் சீமைக் கருவேலம் அறுக்க 16 அல்லது 18 அங்குல பார் தாராளம். அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டபிறகே அட்வான்ஸ் கொடுங்கள். மிச்சப்படும் பணத்தில் முதலில் பாதுகாப்புக் கண்ணாடியும் கனமான பூட்ஸும் வாங்குங்கள்.