ஒயினுக்கு 100 மார்க்: அதை நம்பி பணம் போடலாமா?

மாற்று முதலீடுகள் பத்தின போன வீடியோவுக்கு அப்புறம், வில்லியனூர், பாகூர் பக்கம் இருந்து வேலைக்குப் போற சில பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ஃபைன் ஒயின் ஃபண்டுன்னு விளம்பரம் வருது. விமர்சகர் 98 மார்க் கொடுத்த ரெட் ஒயின், வச்சிருக்க வச்சிருக்க விலை ஏறும்னு சொல்றாங்க. போடலாமா?"

குடிக்கிறதைப் பத்தி இங்க பேச்சே இல்லை, பணத்தைப் பத்தி மட்டும்தான். நம்ம ஊருக்கு இது புது சரக்கும் இல்லை. அரிக்கமேட்டுல 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ, மத்தியதரைக் கடல் பக்கத்துல இருந்து ஒயின் வந்த ஜாடிகளோட உடைஞ்ச துண்டுகள் கிடைச்சது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்த இறக்குமதி வியாபாரம் அது.

முதல்ல, ஒயின் ஏன் "வயசாகுது"ன்னு பார்ப்போம். திராட்சைத் தோல்ல, கொட்டையில டானின்னு ஒரு துவர்ப்புப் பொருள் இருக்கு. பாட்டில்ல பல வருஷம் இருக்கும்போது அது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அடியில வண்டலா படியும். துவர்ப்பு குறையும், நிறம் ஊதாவிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறும், பழ வாசனை போய் புகையிலை, தோல், காய்ஞ்ச இலை மாதிரி வாசனை வரும். எல்லா ஒயினுக்கும் இது நடக்காது. உலகத்துல விக்கிற ஒயின்ல பெரும்பங்கு சில வருஷத்துக்குள்ள குடிச்சுட வேண்டியதுதான்.

இங்கதான் விமர்சகர் வர்றார். அமெரிக்காவோட ராபர்ட் பார்க்கர் 100 மார்க் முறையைப் பிரபலப்படுத்தினார். 1982-ம் வருஷ போர்தோ ஒயினை அவர் தூக்கிப் பேசினது அவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனா கவனிங்க, போர்தோவுல விமர்சகர்கள் முதல் மார்க் போடறது ஒயின் இன்னும் பீப்பாயில இருக்கும்போதே. இருபது வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு அப்பவே சொல்றாங்க. ஐபிஓ வர்றதுக்கு முன்னாடியே டார்கெட் பிரைஸ் சொல்ற மாதிரி.

அது பலிக்குமா? 1976 மே மாசம் பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர் ஒரு போட்டி வச்சார். லேபிளை மறைச்சு, பிரெஞ்சு நடுவர்களையே சுவைக்க வச்சார். ரெட் ஒயின்ல கலிஃபோர்னியாவோட ஸ்டாக்ஸ் லீப் முதல் இடம், பிரான்சோட மூத்தோன் ரோத்ஷில்ட் ரெண்டாவது. "கலிஃபோர்னியா ஒயின் இளமையில நல்லா இருக்கும், வயசானா தாங்காது, பிரெஞ்சு ஒயினுக்கு டைம் கொடுங்க"ன்னு ஒரு சமாதானம் சொன்னாங்க. சரின்னு 30 வருஷம் கழிச்சு, 2006-ல, அதே ரெட் ஒயின்களை லண்டன்லயும் நாபாவிலயும் மறுபடி சுவைச்சாங்க. முதல் அஞ்சு இடமும் கலிஃபோர்னியா! 1976-ல அஞ்சாவது வந்த ரிட்ஜ் மோன்டே பெல்லோ முதலிடம். ரெண்டாவது வந்த மூத்தோன் ஆறாவது.

ஒரே சமயத்துல சுவைச்சாலும் இதே கதைதான். 2003-ம் வருஷ சாத்தோ பாவி (பேரை நான் வைக்கல!) ஒயினுக்கு பார்க்கர் 95-க்கு மேல போட்டார். பிரிட்டனோட ஜான்சிஸ் ராபின்சன் 20-க்கு 12 கொடுத்தார். ரெண்டு பேருமே துறையில பெரிய ஆளுங்க.

சரி, மார்க்கே சரியா இருக்குன்னு வச்சுக்குவோம். கணக்கைப் பாருங்க. இது புரியறதுக்காக நான் வச்ச உதாரணம்தான். 1 லட்சம் போடறீங்க, ஒயின் விலை வருஷம் 8% ஏறுது. 7 வருஷத்துல ஏறத்தாழ 1.71 லட்சம். ஆனா குளிர்ந்த கிடங்கு வாடகை, இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணம்னு வருஷம் 2.5% போச்சுன்னா 1.45 லட்சம். விக்கும்போது கமிஷன் 10% போனா கைக்கு வர்றது 1.31 லட்சம். அதாவது வருஷத்துக்கு 4% கூட இல்லை. வரி இன்னும் கழிக்கல. பாட்டில் வட்டியும் தராது, டிவிடெண்டும் தராது.

"நானே வாங்கி வீட்டுல வச்சுக்கிறேன்"னா? நல்ல ஒயினுக்கு வருஷம் முழுக்க 12-14 டிகிரி வேணும். பாகூர்ல மே மாசம் ஓட்டு வீட்டுக்குள்ள என்ன டிகிரின்னு உங்களுக்கே தெரியும். அதைவிட முக்கியம், லைசென்ஸ் இல்லாம நீங்க மது விக்க முடியாது. வாங்கலாம், விக்க முடியாதுன்னா அது முதலீடே இல்லை.

போலியும் இருக்கு. ரூடி குர்னியவன்னு ஒருத்தர் போலி பாட்டில்களைப் பெரிய ஏலங்கள்லயே வித்தார். ஒரு பண்ணை 1980-களுக்கு முன்னாடி தயாரிக்கவே இல்லாத ஒயினுக்கு, 1945-ன்னு லேபிள் ஒட்டியிருந்தது. பண்ணைக்காரரே வந்து தடுத்தார். 2014-ல அமெரிக்க கோர்ட் குர்னியவனுக்கு 10 வருஷம் ஜெயில் போட்டது.

அதனால உங்களுக்கு வந்த அந்த விளம்பரத்துல மூணு விஷயம் கேளுங்க: பாட்டில் யார் பேர்ல, எந்தக் கிடங்குல இருக்கு? செபி பதிவு இருக்கா? நான் விக்கணும்னா யார் வாங்குவாங்க, எத்தனை நாள்ல? பணம் வெளிநாட்டுக்குப் போகுதுன்னா எல்ஆர்எஸ் விதி வரும், ஐடிஆர்ல வெளிநாட்டு சொத்தையும் காட்டணும். மாசம் 25,000 சம்பளத்துல எமர்ஜென்சி ஃபண்டும் டேர்ம் இன்சூரன்சும் இன்னும் எடுக்காதவங்க, இந்தக் கேள்விகளைக்கூட கேட்க வேண்டாம், விளம்பரத்தைத் தள்ளிவிட்டுட்டு அடுத்த வீடியோவுக்கு வாங்க. ஆறு மாசச் செலவை எங்க போட்டு வைக்கிறதுன்னு அதுல பார்ப்போம்.