எரிச்சலுறு குடல்

உண்ட உணவு குடலின் சுற்றுச்சுருக்கு அசைவினால் நகர்கின்றது. அவ்வசைவு மிக விரைவானால் வயிற்றோட்டமும் மந்தமானால் மலச்சிக்கலும் ஏற்படும். அசைவு குழம்பி, குடலின் உணர்திறனும் கூடி, வயிற்றுவலி அடிக்கடி தோன்றும் நிலையே எரிச்சலுறு குடல் எனப்படும். வைத்தியர்கள் ஐ.பி.எஸ். எனச் சுருக்கிக் கூறுவர். இங்கு குடலில் புண் காணப்படுவதில்லை. இதனை இரைப்பைப் புண்ணுடன் குழப்பி எழுதுவோர் பலர். புள்ளி போவதும் அங்கேதான்.

2016 இல் வெளியான ரோம் வரையறையின்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வலி இருத்தல் வேண்டும். மலங்கழித்தலுடன் வலி தொடர்புறல், மலங்கழிக்கும் தடவைகள் மாறல், மலத்தின் தன்மை மாறல் என்பவற்றுள் இரண்டேனும் சேர்ந்திருக்கும். தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்கவும் வேண்டும்.

பரீட்சை நெருங்க வலி கூடுவது ஏன்? குடற்சுவரில் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்புக்கலங்கள் உண்டு. அவை மூளையுடன் இடையறாது தொடர்புகொள்வதால் மனநெருக்கீடு குடலையும் தாக்கும். ஆகவே "படிக்கக் கள்ளம்" என வீட்டார் ஏசுவது பிழை, வலி உண்மையானது.

நேரத்துக்கு உண்ணல், போதிய நித்திரை, உடற்பயிற்சி என்பன உதவும். காலையுணவைத் தவிர்த்து வெறுந்தேநீருடன் வகுப்புக்கு ஓடும் பழக்கத்தை முதலில் விடுங்கள். வெங்காயம், உள்ளி, பருப்பு, கோதுமை மா என்பன சிலருக்கு வாயுவைக் கூட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி மெலிய வேண்டாம். எதை உண்டபின் வலித்தது என இரண்டு வாரம் குறித்துவந்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

மலத்துடன் இரத்தம், காரணமின்றி நிறை குறைதல், காய்ச்சல், நித்திரையைக் குழப்பும் வலி ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின் ஐ.பி.எஸ். என்று எண்ணி வீட்டில் இருக்கக்கூடாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.