டிரெயினிங் முடிச்ச கையோட வேலையை விடப் போறியா, தங்கச்சி?

நம்ம அவனியாபுரத்துப் பிள்ளைங்க பலர் காலேஜ் முடிச்சதும் கம்பெனி செலவுல சென்னை, பெங்களூருன்னு டிரெயினிங் போறாங்க. இத்தனை மாசம் வேலை பார்ப்பேன், இல்லேன்னா பணம் கட்டுவேன்னு பாண்டும் எழுதிக் கொடுக்கிறாங்க. புரொபேஷன் முடியுறதுக்குள்ள வேற நல்ல வேலை வந்துடுது. உடனே, "பாண்டுல கையெழுத்துப் போட்டுட்டேனே அக்கா, போலீஸ் வருமா?"ன்னு பயம்.

வராது. பாண்டை மீறுறது சிவில் விவகாரம், ஜெயில் கிடையாது. ஆனா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட கம்பெனிக்கு உரிமை உண்டு. புரொபேஷன்ங்கிறதால நோட்டீஸ் நாள் குறையலாம். பாண்டு தானாக் கழண்டுடாது.

முதல்ல ஆஃபர் லெட்டரையும் பாண்டையும் முழுசாப் படி. எத்தனை மாசம், எவ்வளவு தொகைன்னு பாரு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தோட 74-வது பிரிவுப்படி, எழுதின தொகை உச்சவரம்புதான். நியாயமான நஷ்டஈடு மட்டுமே கிடைக்கும். அதனால டிரெயினிங்குக்கு என்ன செலவாச்சுன்னு கணக்கு கேளு. மெயில்லயே கேளு. பாண்டுல பாதி நாள் வேலை பார்த்திருந்தா தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேசலாம்.

"பாண்டே செல்லாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதே. விஜயா வங்கியில 2007-ல சீனியர் மேனேஜர் பதவியில சேர்ந்த அதிகாரி ஒருத்தர், மூணு வருஷம் முடியுறதுக்கு முன்னாடி 2009-ல வேற வங்கிக்குப் போனார். 2 லட்ச ரூபாய் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் 2025 மே 14-ல தீர்ப்பு சொல்லிடுச்சு. பொதுத்துறை வங்கி ஒரு ஆளை எடுக்கணும்னா மறுபடி விளம்பரம், தேர்வுன்னு செலவு பண்ணணும்ங்கிறது அதுல முக்கியக் காரணம். ரெண்டு வாரம் ஸ்லைடு காட்டின கம்பெனி அதே 2 லட்சத்தைக் கேட்டா, அது நியாயமில்லைன்னுதான் நான் சொல்வேன்.

சொல்லாம கொள்ளாம மட்டும் நின்னுடாதே. ராஜினாமாவை மெயில்ல அனுப்பு, நோட்டீஸ் நாள் முழுக்க வேலை பாரு, லேப்டாப்பை ஒப்படைச்சு ரசீது வாங்கு. பணம் கட்டினா "பாக்கி இல்லை"ன்னு எழுத்துல வாங்கிக்கோ. ரிலீவிங் லெட்டர் இல்லாட்டி அடுத்த கம்பெனியில சிக்கல். பிஎஃப்ல வேலை விட்ட தேதியை அவங்க போடலைன்னா, கடைசிப் பணம் வரவாகி ரெண்டு மாசம் கழிச்சு நீயே ஆன்லைன்ல போடலாம்.

வக்கீல் நோட்டீஸ் வந்தா ஒளிச்சு வைக்காதே, அம்மா அப்பாகிட்ட சொல்லு. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாம இலவசச் சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ, இல்லேன்னா 15100-க்கு போன் போடு.

இனிமே எந்த வேலையில சேர்ந்தாலும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார்கிட்டயும் ஈடாக் கொடுக்காதே, தங்கச்சி.