வெட்டவெளிதானே என்கிற தைரியம்

பங்குனி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு ஊர்களில் பந்தலுக்கு ஓய்வில்லை. கோயில் கொடை, காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று வெயில் தணியும்வரை தெருவுக்குத் தெரு கீற்றும் சாமியானாவும்தான். தீ பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டால், விழா நடத்துகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “வெட்டவெளிதானே, எழுந்து ஓடிடலாம்.”

இந்த நம்பிக்கை பல உயிர்களைக் குடித்திருக்கிறது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்காகப் போட்டிருந்த யாகசாலைப் பந்தல் தீப்பிடித்தது. தலைக்கு மேல் வானம், சுற்றிலும் விசாலமான பிராகாரம். ஆனாலும் கூட்டம் வாசலை நோக்கி முண்டியடித்ததில் நெரிசல் ஏற்பட்டு, அந்த விபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஏப்ரல் 10 அன்று உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில், விக்டோரியா பூங்காவில் நடந்த நுகர்பொருள் கண்காட்சியும் மைதானத்தில் நடந்ததுதான். அங்கே சுற்றிலும் மறைத்துக் கட்டிய கூடாரங்களில் தீ பரவி 65 பேர் பலியானார்கள்.

மேலே கூரையும் மூன்று பக்கம் தட்டியும் கட்டியதுமே மைதானம் அறையாகிவிடுகிறது. அதுவும் ஓலையாலோ செயற்கை இழைத் துணியாலோ ஆன அறை. நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, மேடைக்குப் பக்கத்து வழியைச் சவுண்டு சர்வீஸ்காரரின் பெட்டிகளால் அடைத்துவிட்டால், வந்த வழி ஒன்றுதான் வெளியேறவும் வழி. எதிரெதிர்ப் பக்கங்களில் அகலமான இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும். அவற்றில் ஒரு நாற்காலிகூட இருக்கக் கூடாது.

“கீற்று என்றால்தான் ஆபத்து, துணிப் பந்தலுக்குப் பயமில்லை” என்பதும் தவறு. பாலியெஸ்டர், நைலான் போன்ற துணிகள் தீயில் உருகிச் சொட்டும். சொட்டியது தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். தற்காலிகப் பந்தல்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 8758, செயற்கை இழைத் துணியும் கயிறும் வேண்டாம் என்கிறது. மின்கம்பிக்கு அடியில் பந்தலே போடக் கூடாது என்கிறது. காலையில் கீற்றின்மேல் தண்ணீர் அடித்துவிட்டோம் என்ற நிம்மதியும் நிலைக்காது. கத்திரி வெயிலில் அந்த ஈரம் மதியப் பந்திவரைகூடத் தாங்காது.

வாணவேடிக்கையைத் தள்ளி நின்று பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் கொல்லம் அருகே பரவூர் புற்றிங்கல் கோயிலை நினைத்துக்கொள்ள வேண்டும். 2016 ஏப்ரல் 10 விடியுமுன், ஒரு பொறி வெடிகளைக் குவித்து வைத்திருந்த கட்டடத்தில் விழுந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிதறிய கான்கிரீட் துண்டுகள் தொலைவில் இருந்தவர்களையும் தாக்கின. வெடி கொளுத்தும் இடத்திலிருந்து கூட்டம் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதோடு, வெடிகளை அடுக்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பார்க்க வேண்டும்.

விழாவில் தீ நாள் முழுக்க எரிகிற இடம் சமையல் கொட்டகை. அப்பளம் பொரிக்கும் பெரிய வாணலியில் எண்ணெய் நீலப்புகை விட ஆரம்பித்தால், பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. பற்றியதும் பதற்றத்தில் யாராவது ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வருவார். அதை ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியடிக்கும். வாணலியைத் தூக்கி வெளியே கொண்டு போகவும் முயலக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, வாணலி வாயை முழுக்க மறைக்கிற தட்டையான மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூட வேண்டும். எண்ணெய் நன்றாக ஆறும்வரை திறக்கக் கூடாது. அந்த மூடி சமையல் தொடங்கும்போதே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

திறந்த இடத்தில் கேஸ் கசிந்தால் காற்றோடு போய்விடும் என்பதையும் நம்ப முடியாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. காற்று அசையாத மதியத்தில் அது அடுப்புக்காகத் தோண்டிய பள்ளத்திலும் பக்கத்துச் சாக்கடையிலும் போய்த் தேங்கும். மிச்சக் கேஸை எடுக்கச் சிலிண்டரைப் படுக்க வைக்கும் வழக்கம் இன்னும் மோசம். வாயு வர வேண்டிய குழாயில் திரவமே வந்து, அடுப்பில் தீ சீறும்.

சுட்ட இடத்தில் மாவு, பற்பசை, பேனா மை தடவுகிறார்கள். எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

“101-க்குச் சொன்னால் வண்டி வந்துவிடும்” என்பது பாதிதான் உண்மை. தெருவின் இந்த வீட்டுச் சுவரிலிருந்து அந்த வீட்டுச் சுவர்வரை பந்தலை இழுத்துக் கட்டி, முனையில் அலங்கார வளைவும் வைத்துவிட்டால், வந்த வண்டி முக்கிலேயே நின்றுவிடும். வண்டி நுழையும் அகலத்தை ஒரு பக்கம் விட்டு, வளைவை அதற்கேற்ற உயரத்தில் கட்டும்படி பந்தல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.