விரிந்த காட்சியும் திரிந்த உருவமும்

நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்கும் நாகசுரத்திற்கும் பெயர் பெற்ற ஊர். அவ்வூரில் ஒரு திருமணம் நடைபெறுவதாகக் கொள்வோம். குறுகிய பந்தலில் நாகசுரக் குழுவினர் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். பின்வாங்கி நிற்க இடமில்லாமையால், படம் பிடிப்பவர் மிக அகன்ற காட்சியைக் கொள்ளும் லென்சைத் தம் காமிராவில் பொருத்துகிறார். அனைவரும் படத்துள் அடங்கிவிடுகின்றனர். ஆனால், நடுவிலுள்ள கலைஞரின் முகம் இயல்பாயிருக்க, ஓரத்தில் தாளமிடும் சிறுவனின் முகமோ பூசணிபோல் அகன்று தோன்றுகிறது. கண்டோர் நகைக்கின்றனர், சிறுவன் நாணித் தலை குனிகிறான். பிழை அவன் முகத்தில் இல்லை. பின் எங்கே உள்ளது?

குவியத் தொலைவை மாற்றிக்கொள்ளக்கூடிய லென்சை ஜூம் லென்சு என்பர். 16 முதல் 35 மில்லிமீட்டர் வரை மாறும் அத்தகைய லென்சு ஒன்றை, 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள படத்தளம் கொண்ட காமிராவில் பொருத்துவோம். 16 மி.மீ. நிலையில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 107 பாகையும், 35 மி.மீ. நிலையில் 63 பாகையும் காட்சி அடங்கும்.

தளத்தின் நடுவில் ஒளி நேராக விழுகிறது. ஓரத்திலோ சாய்ந்து விழுகிறது. மாலை வெயிலில் நம் நிழல் நீள்வதுபோல, ஓரத்து உருவமும் நீள்கிறது. 16 மி.மீ. நிலையில் பக்க ஓரத்திலுள்ள உருண்டைப் பொருள், தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமாகப் பதியும். 35 மி.மீ. நிலையில் அம்மிகுதி எட்டில் ஒரு பங்கேயாகும்.

இஃது லென்சின் குறையன்று, சமதளத்தின் இயல்பு. 36 செ.மீ. அகலத்திற்குப் பெரிதாக்கிய அப்படத்தை, நடுவிற்கு நேராக 16 செ.மீ. தொலைவில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால், சிறுவனின் முகம் மீண்டும் இயல்பாகத் தோன்றும்.

லென்சின் குறையால் நேரும் திரிபு வேறு. நடுவைவிட ஓரத்தில் உருப்பெருக்கம் குறையுமாயின், ஓரத்திலுள்ள நேரான தூண்கள் பீப்பாயின் பக்கங்கள்போல் வெளிப்புறம் வளைந்து தோன்றும். மிகுமாயின் உட்புறம் வளையும். இத்தகைய ஜூம் லென்சுகள் பலவும் மிக அகன்ற நிலையில் முதல் வகைத் திரிபைக் காட்டும். குவியத் தொலைவு கூடக்கூட அது குறைந்து, இரண்டாம் வகையாக மாறுதலும் உண்டு. பழைய மண்டபத்தின் சுவர் பிதுங்கியுள்ளதா என்பதைப் படத்தை மட்டும் கண்டு முடிவு செய்தால், உறுதியான சுவரை இடிக்கவும் நேரலாம்.

இவ்வளைவை இக்காலத்துக் கணிப்பொறி நிமிர்த்திவிடும். ஆயினும் முகத்தின் அகற்சி அதனால் நீங்காது. முகங்களைத் திருத்த முற்பட்டாலோ, நேர்கோடுகள் வளையும். சாத்துக்குடியின் தோலைக் கிழிக்காமலும் நீட்டாமலும் பலகைமேல் பரப்ப முடியுமா? உலகப்படம் வரைவோரும் இவ்விடர்ப்பாட்டை நன்கு அறிவர்.

ஆகவே, இடமிருப்பின் பின்வாங்கி நின்று 35 மி.மீ. நிலையில் படம் பிடித்தல் நன்று. இடமில்லையேல், குழுவினரை இரு வரிசையாக நடுவில் அமர்த்தி, ஓரங்களைத் தோரணங்களுக்கு விட்டுவிடலாம்.

மாணவர்களே! ஓரத்தில் இருப்பவரை எள்ளி நகைக்குமுன், நாம் எங்கு நின்று, எதன் வழியாகக் காண்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.